கரியாலூரில் முதல் முகாம்

தேசிய நூலகத்தின் இந்த மாத நிகழ்ச்சிகளில் கரியாலூர் வாசிப்பு முகாமும் ஒன்று. மலையில் அதுதான் முதல் முகாம். கள்ளக்குறிச்சியிலிருந்து நூலகர் பிரின்சி புத்தக மூட்டையோடு வந்திறங்கினாள். மூட்டையைப் பள்ளி வாசலில் வைத்துவிட்டு, டிரைவர் ஆல்பர்ட் ஜீப்பைப் பின்பக்கம் நிறுத்தப் போனார்.

அதற்குள் பெண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் புத்தகம். முன்னால் நின்ற கண்ணகி தன்னுடையதை நீட்டினாள்.

"படிச்சிட்டேங்க. திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன்."

மந்தாரை இலையில் அட்டை போட்டிருந்தாள். இலை காய்ந்து விரலில் நொறுங்கியது. உள்ளே, நேற்று அவசரத்தில் பிரின்சி தலைகீழாகக் குத்திய முத்திரை.

பிரின்சி மூட்டையை அவிழ்த்தாள். மேலாக அதே புத்தகம் இருந்தது, புது மணத்தோடு, அதே தலைகீழ் முத்திரையோடு.

"இத உங்களுக்கு யாரு குடுத்தா?"

"இன்னாங்க இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான். அந்த டிரைவர் அண்ணன்தான மூட்டையத் தூக்கிக்கினு வந்தாரு, பாவம்." கண்ணகி குரலைத் தாழ்த்தினாள். "மழையில மலை எறங்காதீங்க, காலைல போங்கன்னு எவ்ளோ சொன்னோம்."

வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணகி கை நீட்டி, பிரின்சியின் நெற்றியை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்குப் பட்ட அடி தழும்புகூட இல்லாம ஆறிடுச்சேங்க."

கூரைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது. பின்பக்கமிருந்து ஹாரன் கேட்டது.

"பிரின்சி, சீக்கிரம் முடிம்மா. மழை புடிக்கறதுக்குள்ள எறங்கிடலாம்."