இரண்டு சொட்டைகள்

சொத்தைப் பல் ஒன்றைக்கூட விட்டுவைக்காத பல் டாக்டருக்கு, தன் வீட்டுப் புல்வெளியில் சொட்டை விழுந்தால் பொறுக்குமா? வேலியோரம் பாதம் அளவுக்கு இரண்டு சொட்டைகள், பக்கத்துப் பக்கத்தில். மண்ணைக் கொத்தி, உரம் போட்டு, விதை தூவி, இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தார். மூன்றே வாரத்தில் புல் மெத்தென்று மூடிக்கொண்டது. அன்றைக்கே, வீட்டை நோக்கி ஓர் எட்டு எடுத்து வைக்கும் தூரத்தில், அதே அளவில் இரண்டு சொட்டைகள்.

"யாரோ நின்னு நின்னு தேஞ்ச மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி.

"வேற வேலை இல்லாம இங்க எவன் வந்து நிக்கப் போறான்?" என்று எரிந்து விழுந்தார்.

அதையும் மூடினார். அடுத்தது இன்னும் ஓர் எட்டு கிட்டே வந்தது. எழுந்ததும் செருப்புகூட மாட்டாமல் ஓடிப்போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆறு மாதத்தில், படுக்கையறை ஜன்னலுக்கடியில் இருந்த ஜோடியும் பச்சையானது. தெருவே நின்று பார்த்தது, அப்படி ஒரு புல்வெளி.

மறுநாள் காலை மனைவி கட்டிலருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் படுக்கும் பக்கம், தரைவிரிப்பு பாதம் அளவுக்கு இரண்டு இடத்தில் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. கால்விரல் பக்கம் கட்டிலைப் பார்த்து இருந்தது.

"போன வருஷம்தானே வாங்கினோம். வேற மாத்திடலாமா?"

டாக்டர் தரைவிரிப்பையும் தன் தலையணையையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் ஓர் எட்டுத்தான் பாக்கி.

"வேண்டாம்," என்றார். "அது அங்கயே இருக்கட்டும்."