ஓர் அறை, ஒரு குடும்பம்

அந்தக் குளிர் நாட்டில், ஓர் அறையில் தங்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஒரே குடும்பமாக வைத்துத்தான் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள். ஒருவருக்கு உடம்பு கெட்டால் எல்லோருக்கும் பிடித்தம் ஏறும். கப்பல் தளத்தில் வெல்டரான தவசிக்கு இதய வால்வு பழுது என்று தெரிந்ததும், காப்பீட்டு நிறுவனம் அறைச் சுவரில் பொருத்தியிருந்த பேசும் கருவி, அவரோடு தங்கிய மற்ற இருவரையும் தனித்தனியே கேட்டது: "இவரை விலக்கிவிடலாமா?"

விலக்கினால் அறுவை சிகிச்சை கிடையாது, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். யாரையும் சங்கடப்படுத்த மனமில்லாமல் தவசி தானே பெட்டி கட்டினார்.

நைனா முகமது அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே, "பெட்டியப் பிரிங்கண்ணே. நானும் ஜெபராஜும் காலையிலயே முடியாதுன்னு சொல்லிட்டோம்," என்றான்.

"பெருநாளுக்குப் புள்ளையப் பாக்கப் போகணும்னியேப்பா. இவ்வளவு பிடிச்சா டிக்கெட்டுக்கு எங்க போவ?"

"அடுத்த வருசம் போனா அவனே நடந்து வந்து கூப்பிடுவான். உங்க நெஞ்சு அதுவரைக்கும் தாங்காது."

தவசி சட்டைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து அவர் எழுந்து உட்கார்ந்தபோது பெருநாள் வந்திருந்தது. நைனா மருத்துவமனைக்கு வந்து, அவர் பக்கத்தில் அமர்ந்தே வீட்டுக்கு அழைத்தான். திரையில் மனைவி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். ஆசை தீரப் பார்த்துவிட்டு, போனைத் தவசியின் பக்கம் திருப்பினான்.

"அத்தாவோட அண்ணன்டா. பெரியத்தாவப் பாரு," என்றாள் அவள்.

நன்றி சொல்லக் கைகூப்பப் போன தவசி, கையை இறக்கிவிட்டு, பெரியப்பனாகவே சிரித்தார்.