பின்னறைப் பெட்டி

இப்போதெல்லாம் போட்டதை அணைக்கிறவன் எவனும் இல்லை. விசிறி தன் பாட்டுக்குச் சுற்றும், விளக்கு தன் பாட்டுக்கு எரியும், நாற்காலியில் ஆள் இருக்காது. கேட்டால், “அதான் நீங்க இருக்கீங்களே” என்று பல்லைக் காட்டுவார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் காவலாளிக் கிழவர் பதினேழு வருடமாக எல்லோருக்கும் பின்னால் போய் அணைத்து வந்தவர். ‘சுவிட்சுத் தாத்தா’ என்று பேரே வைத்துவிட்டார்கள்.

இன்று அணைக்கவும் ஒன்றும் இல்லை. மூன்று நாளாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே சிவப்புத் திரைதான். எவனோ கண்காணாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு பதிவுகள் அத்தனையையும் பூட்டிவிட்டான். அலுவலகக் கணக்குப்படி ஊரில் பாதிப் பேர் இன்னும் பிறக்கவில்லை. செத்தவர்கள் யாரும் சாகவில்லை. வாசலில் வரிசை தெரு முனை வரை நின்றது.

அந்த மூன்று நாளும் கிழவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

பின்னறைக்குக் கூப்பிட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். எதிரே கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் நின்றாள். வேலைக்கு வந்து ஒன்பது மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பழி தன் தலையில் விழப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கட்டைவிரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டே நின்றாள்.

இருவருக்கும் நடுவே அந்தக் கறுப்புப் பெட்டி. பதிவுகள் தொலைந்தால் எடுத்துக்கொள்ள, அவள் தினமும் மதியம் நகல் எடுத்து வைக்கிற பெட்டி.

“பெரியவரே, சாயங்காலம் இதை அணைக்கிறது நீங்கதானாமே?”

“ஆமா. நான்தான். அதுக்கு இப்ப என்ன?”

“வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் அணைக்கல?”

கிழவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஏன் தொட்டாய் என்று கேட்பார்கள், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்திருந்தார்.

அதிகாரி பொறுமையாகவே சொன்னார். பூட்டினவன் வெள்ளி மாலை ஆறேகாலுக்கு இந்தப் பெட்டிக்குள் வந்திருக்கிறான். ஏழரை வரைக்கும் ஒவ்வொரு பதிவாகப் பூட்டியிருக்கிறான். பெட்டி அணைந்திருந்தால் அவனால் உள்ளே வந்திருக்கவே முடியாது. வழக்கம்போல ஆறரைக்கு அணைத்திருந்தால்கூட முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். நகல் எடுத்து முடித்ததும் இணைப்பைப் பிடுங்கி வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டு மூன்று மாதம் ஆகிறது.

“யாராவது ஓடட்டும்னு சொன்னாங்களா?”

பெண் தலையைத் தூக்கவில்லை. அந்த உத்தரவை அவள் படிக்கவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

சொன்னாள்தான். வெள்ளிக்கிழமை மதியம், அத்தனை பேர் நடுவில் நின்று சொன்னாள்: “தாத்தா, இது என்ன உங்க வீட்டு கரண்ட் பில்லுலயா ஓடுது? இருபத்துநாலு மணி நேரமும் ஓடணும். இனிமே இதுல கைய வச்சீங்க, அப்புறம் உங்களத்தான் சுவிட்ச் ஆஃப் பண்ணணும்!” மேசைக்கு மேசை சிரித்தார்கள். தேநீர் வாங்க வந்தவன்கூடச் சிரித்தான்.

அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் இப்போது கதவுக்கு வெளியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யாரும் சொல்லல சார். நான்தான் மறந்துட்டேன்.”

அதிகாரியின் பேனா உடனே ஓடியது. எழுதுவதற்குச் சுலபமான பதில் அது. பதினேழு வருடம் ஒரே வரியில் முடிந்தது. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். கிழவர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

நடைவழியில் அந்தப் பெண் ஓடிவந்து மறித்தாள்.

“தாத்தா, நீங்களாவது மறக்கிறதாவது! நான் அப்படிப் பேசினதுக்கு மரியாதை குடுத்துதானே விட்டீங்க? இப்ப என்னைக் காப்பாத்தப் பழியையும் நீங்களே...” அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“போ பாப்பா. போய் வேலையப் பாரு.”

அவள் சொன்னதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு, எல்லாரும் போனபிறகு, அவர் பின்னறைக்குப் போனார். வழக்கமாக அந்நேரம் ஆடாமல் அசையாமல் நிற்கிற பச்சை விளக்கு அன்று பேய் பிடித்த மாதிரித் துடித்தது. பெட்டிக்குள் ஏதோ கறகறவென்று அரைத்துக்கொண்டிருந்தது. ஆளே இல்லாத கட்டடத்தில் இது யாருக்கு இவ்வளவு வேலை பார்க்கிறது என்று அவருக்குத் தோன்றியது. நன்றாகவே தோன்றியது. கை சுவிட்சு வரைக்கும் போய்விட்டது.

அப்போது அந்தச் சிரிப்பு மறுபடி காதில் கேட்டது.

‘என்னவோ நடக்கட்டும். நாளைக்கு நல்லா அனுபவிக்கட்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லி, கையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.

“உங்கள மாதிரி நல்ல மனசு யாருக்கு வரும் தாத்தா?” முதுகுக்குப் பின்னால் அவள் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது.

கிழவர் திரும்பவில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு படியிறங்கித் தெருவில் நடந்தார். யார் என்ன சொன்னாலும் லேசில் நம்புகிற ஆள் இல்லை அவர்.