துருப்பிடிக்காத துவக்கு

நீர்வேலியில் வீட்டுப் பின்வளவில் வாழைக்குழி வெட்டும்போது, செந்தூரனுக்குத் தகப்பனின் வேட்டைத் துவக்கு கிடைத்தது. கீழ்ப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற பழைய மான் துவக்கு. சண்டைக் காலத்தில் அதைக் கேட்டு வந்தவர்களிடம் தகப்பன் அருளம்பலம், "என்னட்டை இல்லை" என்றார். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

மரப்பிடியைக் கறையான் அரித்திருந்தது. இரும்பில் மட்டும் துரு இல்லை; தேங்காயெண்ணெய் ஈரமாக மணத்தது. செந்தூரன் பாலை மரத்தில் புதுப்பிடி செய்து பொருத்தினான். தாய் கனகாம்பிகை பார்த்துக்கொண்டிருந்தாள். வன்னிக் காட்டுக்குப் போய் மான் ஒன்றைச் சுட்டான். முதல் வெடியிலேயே விழுந்தது.

இறைச்சியோடு வந்தபோது தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முப்பது வருசத்துக்கு மேலை மண்ணுக்கை கிடந்தது, அம்மா. எப்பிடித் துரு ஏறேல்லை?"

"உன்ரை அப்பர் வருசா வருசம் வந்து கிண்டியெடுத்து, எண்ணெய் பூசித் திருப்பித் தாட்டுப்போட்டுப் போறவர். நான் அடுப்படி யன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பன்."

"என்னம்மா சொல்லுறியள்?"

"என்னோடை ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை. உதுக்காகத்தான் வாறவர். நீ எடுத்துப்போட்டாய். இனி ஏன் வரப்போறார்?"

கனகாம்பிகை எழுந்து போய், இத்தனை வருடமும் திறந்தே கிடந்த வாசல் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டினாள்.