மூன்று கப் ஹேஸல்நட்

கிழக்குத் தாம்பரத்து ஐஸ்க்ரீம் கடையில் எஸ்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து மேசையில் ரோஸி, மாப்பிள்ளையோடு முதல்முறையாகத் தனியே பேசிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் பார்க்க வந்தவர் பாதிப் பேச்சிலேயே எழுந்து போய்விட்டார். அதனால் இந்த முறை எஸ்தரே பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்து, "எது கேட்டாலும் நல்லாருக்குன்னு சொல்லு, இன்னா?" என்று பாடம் நடத்தி அழைத்து வந்திருந்தாள்.

மாப்பிள்ளை கதிரேசன், தங்கத்தாளில் சுற்றி விற்கும் ஹேஸல்நட் பருப்பு போட்ட சாக்லேட்டின் ருசியில் மூன்று வகை ஐஸ்க்ரீம் வாங்கி வைத்தார். "எது புடிச்சிருக்கு, சொல்லுங்க."

ரோஸி மூன்றையும் ருசித்துப் பார்த்தாள். "எதுவுமே புடிக்கலீங்க. ஒரே திகட்டல்."

எஸ்தர் தலையில் கை வைத்துக்கொண்டாள். இதுவும் போச்சு!

கதிரேசன் சிரித்துவிட்டார். "எனக்கும்தாங்க. உங்களுக்குப் புடிக்குமேன்னு வாங்கினேன். வாங்க, வெளியே போய் டீ குடிக்கலாம்."

ரோஸி வேகமாக எஸ்தரிடம் வந்தாள். "டீ குடிக்கக் கூப்பிடறாரு. போவட்டுமா?"

"இதையெல்லாமா கேப்ப?" எஸ்தர் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அப்பா போனதுலேருந்து தனியாவே கெடந்துட்ட. எனக்கு நீ மாப்பிள்ளை பார்த்த மாதிரி உனக்கு நான் பார்த்திருக்கேன். நீ போ, அம்மா!"