சும்மா கிடைத்த ஆள்

"வெள்ளிக்கிழமையோட நின்னுக்குங்கக்கா. அதுக்குள்ள இந்தத் தம்பிக்கு வேலையைக் காட்டிக் குடுத்துடுங்க," என்றார் விடுதிக்காரர், வாய் நிறையச் சிரிப்போடு.

அந்தப் பயணிகள் விடுதியில் இருபத்து நான்கு கட்டில்கள். ஒன்பது வருடமாக அத்தனைக்கும் விரிப்பு மாற்றி, மூன்று மாடியையும் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தவள் அக்கா. கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் சார்?"

"தப்பெல்லாம் இல்லக்கா. தம்பி உலகத்தைச் சுத்திப் பார்க்கக் கிளம்பியிருக்கு, கையில காசு கிடையாது. படுக்க ஒரு கட்டில் குடுத்தாப் போதும், சம்பளமே வேணாமாம். இது போனா, இதை அனுப்பின இணையதளமே இதே மாதிரி இன்னொண்ணை அனுப்பும். இப்ப எல்லா விடுதியிலயும் இதான் நடக்குது. நீங்க நம்ம குடும்பம் மாதிரி. அதான் நாலு நாள் முன்னாடியே சொல்றேன்."

குடும்பம் என்று சொல்லிக்கொண்டே கழுத்தை அறுப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அவருக்கு அது நிறையவே இருந்தது.

வாசலில் நின்றவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். முதுகில் அவனை விடப் பெரிய பை. பார்த்த மாத்திரத்தில் அக்கா அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டாள்.

"வணக்கம்க்கா," என்றான் ஆமை.

"உன் வணக்கத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு. என் மக காலேஜ்ல கடைசி வருஷம் படிக்கறா. நீ ஊர் சுத்த, நான் அவ படிப்பை நிறுத்தணுமா?"

ஆமை பல்லைக் காட்டினான். அவளுக்கு அவனை அப்படியே தூக்கி வாளிக்குள் முக்கலாம் போல இருந்தது.

முதல் நாள் அவள் ஒன்றுமே சொல்லித் தரவில்லை. கழிப்பறை துடைக்கும் துடைப்பானை எடுத்துக்கொண்டு அவன் நேராகச் சமையலறைக்குப் போனான்.

"புதுசுதானே, போகப் போகப் பழகிடும்," என்றார் விடுதிக்காரர். "பெருக்கறதுக்கு என்ன பட்டப்படிப்பா வேணும்?"

மறுநாள் ஒரு பாக்கெட் சோப்புத்தூளை முழுசாகச் சலவை இயந்திரத்துக்குள் கொட்டினான். நுரை மாடிப்படி வழியாக ஒவ்வொரு படியாக இறங்கி வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. விரிப்புகளோடு தன் சிவப்புக் காலுறையையும் போட்டிருந்தான். இருபத்து நான்கு வெள்ளை விரிப்பும் ரோஜா நிறம்.

"பார்க்க நல்லாத்தான் இருக்குல்லக்கா?"

"உன் மூஞ்சி மாதிரியே இருக்கு."

மூன்றாம் நாள், வாசலில் கிடந்த செருப்பு, ஷூவையெல்லாம் அடுக்கி வைக்கச் சொன்னாள். அடுக்கினான். இடது காலுக்கானதெல்லாம் ஒரு அலமாரி, வலது காலுக்கானதெல்லாம் இன்னொரு அலமாரி. ஜோடி தேடியே இரண்டு பேர் ரயிலைக் கோட்டை விட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவன் விரித்த விரிப்பைப் பார்த்தாள். ஒரு பக்கம் தரையைத் தொட்டது, மறுபக்கம் மெத்தை அம்மணமாகத் தெரிந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"டேய் ஆமை, இங்க வா. மூலையை இப்படி மடி. மெத்தைக்கு அடியில இறுக்கிச் சொருகு. ஒரு சுருக்கம் தெரியக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

தன் குழியைத் தானே வெட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகக் கோணல் விரிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

வியாழக்கிழமை மதியம் இரண்டாவது மாடியிலிருந்து ஓர் அலறல். எல்லாரும் ஓடினார்கள். மேல் கட்டிலில் ரோஜா நிற விரிப்பு நான்கு மூலையிலும் கச்சிதமாகச் சொருகப்பட்டிருந்தது, ஒரு சுருக்கம் இல்லை. உள்ளே ஆள் இருந்தார். பகல் தூக்கம் போட்ட பருமனான மனிதர், தலை மட்டும் வெளியே, கை கால் அசைக்க முடியாமல் கிடந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்க்கா," என்றான் ஆமை.

வெள்ளிக்கிழமை காலையில் பை தெருவில் போய் விழுந்தது. பின்னாலேயே ஆமையும்.

"இந்தத் தெருப் பக்கமே தலை வச்சுப் படுக்காதே!" என்று கத்திவிட்டு உள்ளே வந்த விடுதிக்காரர், குரலில் தேனைத் தடவிக்கொண்டார். "அக்கா, நீங்களே இருந்துடுங்க."

"ஏன் சார், பெருக்கறதுக்குப் பட்டப்படிப்பு வேணுமோ?"

"மனசுல வச்சுக்காதீங்கக்கா."

"வச்சுக்கல. சம்பளத்தை ஏத்துங்க. வாரம் ஒரு நாள் லீவு வேணும். அப்புறம், ரெண்டையும் காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. குடும்பம் கிடும்பம்னு வாயால சொல்றதெல்லாம் வேணாம்."

எழுதினார். வேறு வழி?

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்தாள். ஆமை பையை மாட்டிக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"எங்க போனாலும் துடைப்பத்தை மட்டும் தொடாதடா. நீயெல்லாம் ஒரு வேலைக்கும் லாயக்கில்ல."

"சரிக்கா. மகளை நல்லாப் படிக்கச் சொல்லுங்க," என்று கையை ஆட்டிவிட்டு நடந்தான்.

அக்கா உள்ளே திரும்பியபோது விடுதிக்காரர் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இவனை அனுப்பின இணையதளத்துல எழுதிக் கிழிக்கறேன் பாருங்க. இனிமே எந்த ஊர்லயும் எவனும் இவனைச் சேர்க்கக் கூடாது."

தேய்த்துக்கொண்டே போன விரல் நடுவில் நின்றது. முகம் தொங்கிப்போனது.

"என்ன சார்?"

"சும்மா வர்றானேன்னு நான் இதைப் படிச்சே பார்க்கலக்கா. பதினோரு நாட்டுல பதினோரு விடுதிக்காரனுங்க ஏற்கெனவே எழுதி வச்சிருக்கானுங்க, எல்லாம் ஒரே மாதிரி: 'விளங்காத பயல், நம்பிச் சேர்க்காதீங்க. கடைசியில நான் நிறுத்தின ஆளையே கெஞ்சிக் கூப்பிட்டு, சம்பளமும் ஏத்திக் குடுக்க வேண்டியதாப் போச்சு.'"