இறங்கித் தள்ளு, திலகா

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. தேயிலை மேட்டில் ஒரு புதுக் கார் முரண்டு பிடித்த கதை சொல்கிறேன்.

“என்ன காடிலா இது! பொத்தானை அமுக்கினா விளக்குதான் எரியுது. இஞ்சின் முனகக்கூட மாட்டேங்குதே!” என்றார் செல்லையா.

பக்கத்தில் மனைவி திலகா வாயைத் திறக்கவில்லை. பழைய லேண்ட்ரோவரை விற்றுவிட்டு அவர் இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. சோறு போடுவாள், சொல் போடமாட்டாள். ஒரு வார்த்தைக்கு அவர் தவியாய்த் தவித்தார்.

“சாவி சட்டைப் பையிலதான் இருக்கு. சொருகவே வேணாம், உள்ள இருந்தாப் போதுமாம்.” கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டு மறுபடி அமுக்கினார். விளக்கு எரிந்தது, அவ்வளவுதான்.

“பழசா இருந்தா இறக்கத்துல ஒரு தள்ளு போதும். கல்யாணத்தன்னிக்கு, பிரிஞ்சாங் கோயில்லேர்ந்து வர்றப்ப, இதே எடத்துல...”

“கூறைச் சேலையோட பொண்ணைத் தள்ளவிட்ட மாப்பிள்ளை ஒலகத்துலயே ஒருத்தர்தான்,” என்று சன்னலுக்கு வெளியே இருந்த தேயிலைச் செடியிடம் சொன்னாள் திலகா. “கொழுந்து பறிச்சவளுக அத்தனை பேரும் சிரிச்சாளுக.”

“சிரிச்சாலும் கூடையை எறக்கிட்டு ஓடி வந்து தள்ளினாளுகல்ல?”

திலகா கதவைத் திறந்து இறங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகி, காரின் பின்னால் இரண்டு கையையும் ஊன்றினாள். தள்ளினாள். கார் அசையவில்லை. மறுபடி தள்ளினாள், வழுக்கி, வண்டி மேலேயே சாய்ந்து, சிரித்துவிட்டாள்.

“ஏங்க! இது பாறாங்கல்லு மாதிரி நிக்குதே! நம்ம லேண்ட்ரோவர் கிழவன் எவ்வளவோ தேவலைங்க!”

‘ஏங்க.’ அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! செல்லையாவுக்குக் கண் கலங்கியது. காலை முன்னால் நீட்டி, பொத்தானை அமுக்கினார். இஞ்சின் பூனைபோல உறுமியது.

“பாத்தியா! ஒன் கை படாம இதுவும் கெளம்பாது!”

திலகா மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினாள்.

“அடுத்த தடவை பேசணும்னா நேராவே பேசுங்க. பிரேக்கை மிதிச்சு அமுக்கினாத்தான் கெளம்பும்னு, காடி கொண்டாந்தவன் வாசல்ல சொன்னப்ப, நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்.”

உங்கள் வீட்டுக் கோபமும் இப்படி ஒரு தள்ளில் தீரட்டும், கண்ணுகளா. அடுப்பும் பேச்சும் அணையாமல் இருக்கட்டும்.